ஈட்டிக்கு ஏதுய்யா எல்லைக்கோடு?

ரொம்ப நாள் எரிச்சல், இன்னிக்குக் கொட்டிடறேன்.

2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஈட்டி எறிதல்ல தங்கம் வாங்கினார் நீரஜ் சோப்ரா. ஃபைனல்ல என் ஈட்டி பாகிஸ்தான் வீரர் அர்ஷத் நதீம் கையில இருந்துச்சு, கேட்டு வாங்கினேன்னு அப்புறமா ஒரு பேட்டியில யதார்த்தமா சொன்னார். அவ்ளோதான், நம்மாளுங்க 'சதி, சதி'ன்னு கிளம்பிட்டாங்க. எங்க ஆபீஸ் கேன்டீன்லயும் அதே ஜல்லிதான். நானும் வாய மூடிக்கிட்டு தயிர்சாதம் சாப்பிட்டேன்.

போட்டிக்கு ஒப்படைச்ச ஈட்டியை எந்த வீரரும் எடுத்து எறியலாம்ங்கறது விதி. அதைத் தேடிப் படிக்க அஞ்சு நிமிஷம் ஆகுமா? கடைசியில நீரஜே வீடியோ போட்டு, உங்க பிரச்சாரத்துக்கு என்னை இழுக்காதீங்கன்னு கேட்டுக்க வேண்டியதாப் போச்சு.

2024 பாரிஸ்ல நதீம் 92.97 மீட்டர் எறிஞ்சு தங்கம். நீரஜ் 89.45, வெள்ளி. தங்கம் வாங்கினவனும் எங்க பிள்ளைதான்னு சொன்னாங்க நீரஜோட அம்மா.

'அவங்க ஒண்ணும் நெருங்கின நண்பர்கள் இல்லையே'ம்பீங்க. ஆமா, நீரஜே 2025ல அதைச் சொல்லிட்டார். நெருங்கின நண்பனுக்காக யார் வேணா பேசலாம். நண்பனா இல்லாதவனுக்காகப் பேசினார் பாருங்க, அதுதான்யா விளையாட்டு!

சோபாவுல சாய்ஞ்சு தேசபக்தி காட்டற அண்ணன்மாரே, பெத்த தாய்க்கே வராத கோவம் உங்களுக்கு எதுக்கு?