பலகையை மாற்றினால் பழி மாறுமா?

பழையதைக் கிளறுவதால் பயன் யாது என்று கேட்போர் நம்மிடையே பெருகி வருகின்றனர். மேகமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் அண்மையில் நடந்த திருமண விருந்தில், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் பழியும் போய்விடும். அத்தோடு அந்தக் கதையை மறந்துவிடலாமே, ஹஜ்ரத்!" என்றார் கற்றறிந்த அன்பர் ஒருவர். பலகை மாறலாம், கதையை மறக்கலாகாது என்பதே நமது வாதம்.

அந்தக் கதைதான் யாது? 1871இல் ஆங்கில ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிற்று. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. திருடியவனைத் தண்டிப்பது நீதி. திருடாதவனையும் அவன் பிறப்பைக் காட்டிக் குற்றவாளி என்பது எவ்வகை நீதி? பிரமலைக் கள்ளர் சமூகத்து ஆடவர் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவலர் கண்காணிப்பில் உறங்க வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டுப் பெற வேண்டும். பாரசீகத்தில் வழிக்காவலையும் வழிவரியையும் குறித்த 'ராஹ்தாரி' என்னும் சொல், இங்கே மனிதனை அவன் சொந்த ஊரிலேயே சிறைவைக்கும் சொல்லாயிற்று. 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை பதிய மறுத்த மக்கள்மீது காவலர் துப்பாக்கியால் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர்.

கண்காணிப்பு ஒரு கையாகவும் கல்வி மறு கையாகவும் கொண்டு கள்ளர் சீரமைப்புத் திட்டம் வளர்ந்தது. பள்ளிகள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் அதில் அடங்கின. தரிசையும் சதுப்பையும் விளைநிலமாக்குவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை மனிதர்மேல் ஏற்றினர்; அதுவே தமிழில் 'சீரமைப்பு' ஆயிற்று. அரபியில் 'தஃலீம்' என்றால் கற்பித்தல். 'தஃதீப்' என்றால் ஒழுக்கம் பயிற்றுதல். தண்டித்துத் திருத்துதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. ஆட்சியாளர் பள்ளி என்ற பெயரில் நாடியது அந்த இரண்டாம் பொருளையே. ஐயமிருப்பின் 1924ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்கலாம். குற்றப் பரம்பரை என அறிவிக்கப்பட்டு, நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கோ குடியமர்த்தலுக்கோ உள்ளான சமூகங்களின் பிள்ளைகளை, ஆறு வயதுக்கு மேல் பதினெட்டு வயது வரை, பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்க அது அரசுக்கு அதிகாரம் அளித்தது.

பிள்ளையைப் பிரிக்கும் இந்த எண்ணம் கடல் கடந்தும் ஆட்சி செய்தது. கனடா நாட்டில் பூர்வகுடிப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,50,000 பேர் உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காக அடிபட்டோர் பலர். வீடு திரும்பாமலே மடிந்தோர் ஆயிரக்கணக்கினர். அவற்றுள் கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில்தான். அந்நாடு 2008இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. உண்மை அறியும் ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தது. 2021 முதல் செப்டம்பர் 30 தேசிய நினைவு நாளாயிற்று. பள்ளி சேர்ந்த முதல் நாளிலேயே தன் புதுச் சட்டையைப் பறிகொடுத்த ஆறு வயதுச் சிறுமியின் நினைவாக, அன்று மாணவரும் ஆசிரியரும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிகின்றனர். நூல்கள் வகுப்புகளில் படிக்கப்படுகின்றன. முதியோர் வந்து தம் வாயால் சொல்கின்றனர்.

நமது பள்ளிகளும் அவையும் ஒன்றெனச் சொல்வது பொய்யாகும். இங்கே பிள்ளைகளில் பெரும்பாலோர் ஊர்ப் பள்ளியில் தமிழில்தான் பயின்றனர். காலப்போக்கில் மக்கள் அப்பள்ளிகளைத் தமதாக்கிக் கொண்டனர். அவற்றிலிருந்து ஆசிரியரும் அலுவலரும் எழுந்தனர். "அப்படியாயின் நன்மைதானே விளைந்தது?" எனலாம். விளைந்தது உண்மை; விளைவித்தது மக்களின் உழைப்பு. அதைக் காட்டிச் சட்டத்தின் கொடுமைக்கு மன்னிப்புச் சீட்டு எழுத எவருக்கும் உரிமையில்லை. அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31இலும் நீங்கியது. சட்டம் நீங்கியதோடு நினைவும் நீங்கவேண்டும் என்று யார் விதித்தார்?

இப்பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை அறிவித்தது. பள்ளிகளின் பெயரில் சாதிச் சொல் கூடாதென 2024இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. குழந்தையின் நெற்றியில் சாதி ஒட்டக் கூடாதென்பதில் நமக்கும் உடன்பாடே. எனினும் பெயரை நீக்குவோர், பெயர் வந்த வரலாற்றைப் பாடமாக வைக்கவும் கடமைப்பட்டவர். பாடம் வைக்காமல் பலகையை மட்டும் கழற்றுவது, குற்றம் செய்தவனின் தடயத்தை நாமே அழித்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இதில் நமக்கென்ன என்று நம் இல்லத்தார் கேட்கலாம். பெயரைக் கேட்ட அளவிலேயே ஐயப்படும் பார்வையின் கொடுமையை இன்று நம் பிள்ளைகள் அறிவார்கள். அவ்வாறு அறிந்த நாம் நேற்று என் செய்தோம்? கம்பம் பள்ளத்தாக்கில் வயலும் வாய்க்காலும் பகிர்ந்த அண்டைவீட்டாரை, நம் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் காணாமற்போனபோது, சாதிப் பெயர் சொல்லிப் பழித்ததில்லையா? நம் பாட்டனார் வீட்டுத் திண்ணையில் அப்பேச்சை நாமே கேட்டிருக்கிறோம், வாய்மூடியும் இருந்திருக்கிறோம். நமக்கே எதிரானதாயினும் சாட்சியத்தை மறைக்கலாகாது என்பது மார்க்கம் நமக்கு விதித்த கடமை. மதுரையில் இச்சட்டத்தை எதிர்த்து வழக்காடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் கள்ளர் அல்லர், கேரளத்துக் கிறித்தவர். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். அவருக்கு இருந்த துணிவு நமக்கேன் இல்லை?

மேகமலைச் சரிவுகளில் பளியர் குடிகள் வாழ்கின்றன. தமிழகத்துப் பழங்குடிப் பிள்ளைகள் பலர் இன்று அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பயில்கின்றனர். உணவும் எழுத்தும் அவர்களுக்குக் கிடைப்பது நன்று. தேனும் கிழங்கும் காட்டுவழியும் அறிந்த பளியர் முதியவருக்கு அந்த வகுப்பறையில் ஓர் இருக்கை உண்டா? அவர் பேச்சைக் கேட்டுப் பிள்ளை நாணுகிறதா, பெருமை கொள்கிறதா? பழைய வரலாறு தெரிந்த ஆசிரியரே இக்கேள்விகளைக் கேட்பார்.

ஆதலின் நாம் வேண்டுவது இது. ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். அந்நாளில் நம் ஊர்ப் பள்ளிகளிலும் அவ்வரலாறு சொல்லப்படட்டும். பழைய சேர்க்கைப் பதிவேடுகள் பழைய காகிதக் கடைக்குப் போகாமல் காக்கப்படட்டும். சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' போன்ற நூல்கள் நம் நூலகங்களிலும் இடம்பெறட்டும். யாவற்றுக்கும் மேலாக, நம் முதியோர் தாம் கண்டதையும், தாம் சொல்லிய பழிச்சொல்லையும், பேரப்பிள்ளைகளிடம் ஒளியாமல் சொல்லட்டும். பலகையை அரசு மாற்றட்டும். நம் திண்ணைப் பேச்சை மாற்ற வேண்டியவர் நாமே.