காய்ச்சல் ஊசியும் கடை மாத்திரையும்

ஃபுளூ காய்ச்சலுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியந்தானா என்னும் விவாதம் மேல்நாடுகளில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. நம் நாட்டிலோ 2009ஆம் ஆண்டில் பன்றிக் காய்ச்சல் வந்துபோன பிறகும், அதற்கப்பால் கொரோனா வந்துபோன பிறகும்தான் அது வைத்தியர்களின் அறையை விட்டு வீட்டுத் திண்ணைக்கு இறங்கியிருக்கிறது. இறங்கிய வேகத்திலேயே இரண்டு கட்சிகளும் பிரிந்துவிட்டன. ஊசி போட்டுக்கொண்டவரைக் காய்ச்சல் அண்டாது என்று ஒரு கட்சி சத்தியம் செய்கிறது. போட்டுக்கொண்டவர் போர்வைக்குள் கிடந்ததைக் கண்ணால் கண்டோம், ஆகையால் அது வீண் செலவு என்று மற்றது சாதிக்கிறது. ஊசி போடாத மனிதர் காய்ச்சல் கண்ட நாளில் எந்த மாத்திரையை விழுங்குகிறார் என்னும் விஷயத்தை இரு கட்சியாரும் தங்கள் வாதத்தில் சேர்த்துக்கொள்வதேயில்லை. என் அபிப்பிராயத்தில் விவகாரத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

ஆக்ஷேபணை செய்கிறவர்களின் பக்கத்து நியாயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது முறை. ஃபுளூ வைரஸ் வருஷத்துக்கு வருஷம் தன் வெளியுருவை மாற்றிக்கொள்ளும் சுபாவமுடையது. ஆகவே வரப்போகும் பருவத்தில் எந்த வகைகள் தலைதூக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி அனுமானித்துச் சொல்ல, அந்த அனுமானத்தை ஒட்டியே ஊசி தயாராகிறது. அனுமானம் பலித்த ஆண்டுகளில் நோய்கண்டு வைத்தியரிடம் போகவேண்டிய ஸ்திதி நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைகிறது. பலிக்காமற்போன 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் அது 20க்கும் கீழே இறங்கிற்று. காக்ரேன் குழுவினர் பல பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, ஆரோக்கியமான பெரியவர்களில் ஒருவரை ஃபுளூவிலிருந்து தப்புவிக்க 71 பேருக்கு ஊசி போடவேண்டியிருக்கிறது. பெரியம்மையை உலகத்தைவிட்டே ஓட்டிய ஊசியோடும், தட்டம்மை ஊசியோடும் இதை ஒரே வரிசையில் நிறுத்த முடியாது. தனியார் மருத்துவமனையில் ஒரு முறை போட்டுக்கொள்ள ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் ஊரில், திடகாத்திரமான முப்பது வயதுக்காரர் ஒருவர் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுக் கையை விரித்தால் அவரை மூடர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தக் கணக்கு காய்ச்சல் வருவதோடும் வராததோடும் நின்றுவிடுகிறது. காய்ச்சல் வந்த பிறகு நடப்பதைக் காணவேண்டுமானால், மாலை ஏழு மணிக்கு நம் கடைவீதிகள் எதிலாவது ஒரு மருந்துக் கடையின் முன்னால் கால்மணி நேரம் நிற்கவேண்டும். கட்டட வேலை முடிந்து சிமெண்டுப் பூச்சு காயாத கையோடு ஒருவர் வருகிறார். "அண்ணே, ரெண்டு நாளா காய்ச்சல், மேலெல்லாம் வலி, தொண்டை கரகரங்குது, மூணு வேளைக்கு மாத்திரை குடுங்க, நாளைக்கு வேலைக்குப் போயாகணும்" என்கிறார். கடைக்காரர் சீட்டுக் கேட்பதில்லை. பாராசிட்டமாலில் மூன்று, சளிக்கு மூன்று, வயிற்றெரிச்சல் வராமலிருக்க ஒன்று என்று கத்தரித்து எடுத்தபின், அசித்ரோமைசின் ஐந்நூறிலிருந்தும் மூன்று நறுக்குகிறார். வைத்தியர் சீட்டில்லாமல் உண்ணலாகாது என்பதை அறிவிக்க அந்த அட்டையின் பின்புறம் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. 2016இல் மத்திய அரசு பெரிய விளம்பரத்தோடு ஜனங்களுக்கு அறிமுகப்படுத்திய கோடு அது. வாங்குகிறவர் கைக்குப் போகும் துண்டில் மருந்தின் பெயர் பாதி எழுத்தாகவும், கோடு இருந்தால் ஒரு விரல்கடை அளவாகவும் இருக்கும். எல்லாம் ஒரு சிறு காகிதக் கவருக்குள் போகின்றன. பில் கிடையாது.

இந்தக் காட்சியில் தீயவர் என்று ஒருவரும் இல்லை என்பதுதான் இதன் சங்கடம். உழைப்பாளிக்கு ஒரு நாள் கூலி போகும்; கடைக்காரர் கொடுக்க மறுத்தால் அடுத்த கடைக்காரர் கொடுப்பார். அந்த மனிதரைக் கண்டிருப்பது ஃபுளூ என்றே வைத்துக்கொள்வோம். அசித்ரோமைசின், பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தை உற்பத்தி செய்துகொள்ளும் உறுப்பைப் பிடித்து நிறுத்துவதன் மூலம் வேலை செய்கிற மருந்து. வைரஸுக்கு அப்படியோர் உறுப்பே கிடையாது. பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் மதிற்சுவரைக் குலைப்பவை. வைரஸுக்கு அந்தச் சுவரும் இல்லை. ஆகவே மருந்து வந்து சேர்ந்தது ஃபுளூவுக்குத் தெரியவே தெரியாது. அது தன் கிரமப்படி நான்கைந்து நாளில் தானே விலகும், விலகிய புண்ணியம் மாத்திரையின் பெயரில் எழுதப்படும். அதே சமயத்தில் அந்த மனிதரின் குடலில் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களுள் மருந்துக்கு அடங்குபவை மடிய, அடங்காதவை காலியான இடத்தில் பல்கிப் பெருகுகின்றன. அடங்காமைக்குக் காரணமான மரபுக்கூற்றை அவை தங்கள் இனத்துக்கு மட்டுமன்றி வேற்றினக் கிருமிகளுக்கும் கைமாற்றிக் கொடுக்க வல்லவை. மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான் குற்றம், முழுவதும் சாப்பிட்டுவிட்டால் தோஷமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். வேண்டாத இடத்தில் ஒரு மாத்திரையும் தின்னாமலிருப்பதே உசிதம்.

2019ஆம் ஆண்டில் இந்தியாவின் தனியார் சந்தையில் விற்பனையான ஆன்டிபயாடிக்குகள் ஏறக்குறைய 500 கோடி நாள்-அளவுகள் என்றும், அவற்றுள் முதலிடம் பெற்றது அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரையே என்றும் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்த மாத்திரையின் அருமை இன்னதென்று அறிய நம் எல்லையைத் தாண்டிச் சிந்து மாகாணம்வரை போகவேண்டும். அங்கே ஹைதராபாத் நகரத்தில் 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு டைபாய்டு கிளம்பிற்று. பழைய மருந்துகளான குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் ஆகிய மூன்றுக்கும் அது அடங்கவில்லை. பின்னால் வந்த சிப்ரோஃப்ளாக்சசின் வகைக்கும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிகள் பெரிதும் நம்பியிருந்த செஃப்ட்ரையாக்சோன் ஊசிக்கும் அடங்கவில்லை. வாயால் உட்கொள்ளத்தக்கதாக எஞ்சி நின்ற மருந்து ஒன்றே ஒன்று, அது அசித்ரோமைசின். நம் கடைவீதியில் தொண்டைக் கரகரப்புக்குக் கத்தரித்துக் கொடுக்கப்படும் அதே மாத்திரைதான் அங்கே பிள்ளைகளின் உயிருக்கும் மண்ணுக்கும் இடையில் நின்றது. பாகிஸ்தான் அரசு கடைக்காரர்களைத் திருத்திய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவில்லை. புதிய டைபாய்டுத் தடுப்பூசியைக் குழந்தைகளின் வழக்கமான அட்டவணையில் 2019இல் சேர்த்து, அவ்வாறு செய்த முதல் நாடாயிற்று. அந்த ஊசி நம் தெலங்கானாவிலுள்ள ஹைதராபாத்தில் தயாரானது. ஒரு ஹைதராபாத்தின் நோய்க்கு மற்றொரு ஹைதராபாத் மருந்து செய்து அனுப்பிய செய்தி, இரு தேசத்தாரும் ஒருவரையொருவர் பற்றி வாசிக்கும் செய்திகளுக்கிடையில் எப்படியோ காணாமற்போய்விட்டது.

டைபாய்டு பாக்டீரியாவால் வருவது, ஃபுளூ வைரஸால் வருவது, இரண்டையும் முடிச்சுப்போடுவது தகுமா என்று ஒருவர் கேட்கலாம். ஃபுளூவும் பாக்டீரியாவும் ஆதிமுதல் கூட்டாளிகள் என்பதே அதற்குச் சமாதானம். 1918ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அக்காலத்தில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களைப் பிற்காலத்தில் மறுபடியும் ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள், பெரும்பாலோரைக் கொன்றது வைரஸைப் பின்தொடர்ந்து நுழைந்த பாக்டீரியா நிமோனியாவே என்று கண்டார்கள். 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பல் ஆசியக் காய்ச்சலை இந்தியாவில் இறக்கிற்று. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்புளுவென்சா ஆய்வுக்கூடத்தினர் அந்த வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். அதே பருவத்தில் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஃபுளூவைத் தொடர்ந்த நிமோனியாவால் இறந்தவர்களிடம் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி அடிக்கடி தென்பட்டது. பெனிசிலின் சந்தைக்கு வந்து பதினைந்தாண்டு நிறைவதற்குள் ஆஸ்பத்திரிகளில் குடிகொண்டிருந்த அந்தக் கிருமியின் பெரும்பகுதி பெனிசிலினை மதிக்காததாக மாறிவிட்டிருந்தது. பெனிசிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்றபோது நிகழ்த்திய உரையிலேயே, எவரும் அதைக் கடையில் வாங்கலாம் என்ற காலம் வந்தால் இப்படித்தான் முடியும் என்று எச்சரித்திருந்தார். ஆகவே ஃபுளூக்காரருக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கும் வைத்தியரை நான் பரிகசிக்கமாட்டேன். நூறு பேரில் எவருக்கு நிமோனியாவாகத் திரும்பும் என்று அவருக்குத் தெரியாது. வாசலில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். இன்ன வைரஸ் என்று நிச்சயிக்கும் பரிசோதனைக்கு ஆகும் பணம் நோயாளியின் பல நாள் கூலி.

ஊசிக்கு எதிரான வாதங்களுள் வலுவானதாக நான் கருதுவது பின்வருவது. ஆன்டிபயாடிக்கை அனாவசியமாகக் கொடுப்பதுதான் வியாதி என்றால் அதைக் கொடுப்பதை நிறுத்துவதுதானே வைத்தியம்? அதற்காக ஊரார் புஜத்திலெல்லாம் ஊசி குத்துவானேன்? வாதம் நேர்மையானது, ஆனால் நிறுத்தும் முயற்சிகள் நடந்தேதான் இருக்கின்றன. முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை எச்-1 அட்டவணையில் சேர்த்து, எழுதிய வைத்தியரின் பெயரையும் வாங்கிய நோயாளியின் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்கவேண்டும் என்று விதித்த சட்டம் 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. கிருமிகளை எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காதவையாக்கும் என்டிஎம்-1 மரபுக்கூறு சென்னையிலும் ஹரியானாவிலும் பரவியிருப்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கார்த்திகேயன் குமாரசாமியும் அயல்நாட்டு ஆராய்ச்சியாளர்களும் 2010இல் வெளியிட்டு நாடே அல்லோலகல்லோலப்பட்டபின், 2012இல் இந்தியாவின் மருத்துவ சங்கங்கள் பல கூடி, ஆன்டிபயாடிக்குகளைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பிரகடனம் என்று ஒன்றை வரைந்தன. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃபுளூ காய்ச்சல் நாடெங்கும் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்களுக்கே அறிக்கை விட்டு, அசித்ரோமைசினையும் அமாக்சிகிளாவையும் பெயர் சுட்டிக் குறிப்பிட்டு, இந்தக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. இவ்வளவுக்கும் பிறகு மாலை ஏழு மணிக்குக் கத்தரிக்கோல் நிற்கவில்லை. சட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. கேரளத்தில் நடப்பதுபோல் கடைகளில் சோதனையும் நடக்கட்டும். ஆனால் கடைக்கு வந்து நிற்கும் காய்ச்சல்களின் எண்ணிக்கையே குறையாதவரை, அந்தச் சட்டம் வெள்ளத்தின் எதிரே நிற்கும் ஒற்றைக் கதவு.

எண்ணிக்கை குறைந்தால் மாத்திரை குறையுமா என்பதற்கு ஓரளவு பிரத்தியட்சம் கனடாவில் இருக்கிறது. ஒன்டாரியோ மாகாணம் 2000ஆம் ஆண்டில் எல்லா வயதினருக்கும் ஃபுளூ ஊசியை இலவசமாக்கிற்று. ஏனைய மாகாணங்கள் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மட்டும் கொடுத்துவந்தன. சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டபோது, ஃபுளூவை ஒட்டிச் சுவாச நோய்களுக்காக எழுதப்பட்ட ஆன்டிபயாடிக்குகள் மற்ற மாகாணங்களைவிட ஒன்டாரியோவில் நூற்றுக்கு 64 அளவு கூடுதலாகக் குறைந்திருந்ததாக 2009இல் வெளியான ஆய்வு கூறிற்று. மாகாணத்தோடு மாகாணத்தை ஒப்பிடும் ஆய்வு, ஆளுக்கு ஆள் சீட்டுப்போட்டுப் பிரித்துச் செய்யும் பரிசோதனைக்கு ஈடாகாது. இடையில் வைத்தியர்களின் வழக்கமே மாறியிருக்கவும் கூடும். தவிர, அங்கே மாத்திரை வைத்தியர் சீட்டு வழியே போகிறது, இங்கே சீட்டில்லாமலே போகிறது. ஆயினும் அந்த 64இல் பாதியின் பாதி நமக்குக் கிட்டினாலும், 500 கோடியிலிருந்து கழியும் தொகை அற்பமாக இராது.

எல்லோருக்கும் போடுங்கள் என்று நான் வாதிக்கவில்லை. முப்பது வயதுத் திடகாத்திரர் தம் விருப்பப்படி செய்யட்டும். அறுபதைத் தாண்டியவர், நீரிழிவுக்காரர், ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி, ஆஸ்பத்திரி ஊழியர் ஆகியோருக்கு அரசே கொடுக்கவேண்டும். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இன்றுவரை ஃபுளூ ஊசி இடம்பெறவில்லை. மாதமும் முக்கியம். டெல்லியில் ஃபுளூ ஆடி ஆவணி மழையோடு ஏறுகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் ஐப்பசி, கார்த்திகையில் ஏறுகிறது. ஊசியின் காவல் ஆறு மாதத்துக்குள் தளர்ந்துவிடுவதால், டெல்லி நாட்காட்டியைப் பார்த்துச் சித்திரையில் போட்டுக்கொண்ட தமிழர் தமக்கு வேண்டிய மாதத்தில் அரைக் காவலோடு நிற்பார்.

செலவு என்று ஒரு வார்த்தை சொல்லி நிதித்துறை இதை ஒதுக்கிவிடக்கூடும். மாநிலம் முழுவதும் வேண்டாம். இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொண்டு ஒன்றில் மட்டும் புரட்டாசியில் தொடங்கலாம். யாருக்குப் போடுவது என்று தேட வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாக நீரிழிவு மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்களின் கையில் பெயர்ப்பட்டியல் தயாராக இருக்கிறது, ஊசி போடக் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். பலனை அளக்கவும் புதிய ஏற்பாடு வேண்டாம். 1994இல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டக் கிடங்குகளிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போகும் மருந்துகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறது. ஐப்பசி முதல் தை வரை இரு மாவட்டத்துக் கிடங்குகளிலிருந்தும் அசித்ரோமைசினும் அமாக்சிசிலினும் எத்தனை அட்டை வெளியேறின என்று மாசி மாதத்தில் எடுத்துப் பார்க்கலாம். கடைகளில் நறுக்கிக் கொடுத்தது அந்தக் கணக்கில் வராது. அதற்கு மொத்த வியாபாரிகளின் பில் புத்தகத்தைத்தான் கேட்டு வாங்கவேண்டும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அந்த அதிகாரம் இருக்கிறது.