விளக்கு எரியட்டும், மதுக்கடை விலகட்டும்

தாம்பரம் வட்டாரத்துக் குடியிருப்போர் நலச் சங்கங்களிடம் இரவைப் பற்றிப் பேசினால் இரண்டு குறைகள் முன்னால் வந்து நிற்கும். இருட்டிய பிறகு பெண்கள் தனியாக நடக்க முடியவில்லை என்பது ஒன்று. குடியிருப்புக்குள் இருக்கும் டாஸ்மாக் கடையை எடுங்கள் என்பது மற்றொன்று. இதற்கு அதிகாரிகள் கையிலெடுக்கும் எளிய வழி, இரவு நடமாட்டத்தையே குறைப்பது. உணவகத்தையும் டீக்கடையையும் சீக்கிரம் மூடச் சொல்வது அதில் ஒன்று. இது தலைகீழான வைத்தியம். மக்களுக்குத் தொல்லை தருவது இரவு அல்ல, தெருவில் குடிப்பது. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை தெருவில் அமைதி வராது.

இந்தச் சென்னைப் புறநகருக்கு இரவு வாழ்க்கை என்பது கேளிக்கை அல்ல, பிழைப்பு. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பயணிகள் விடிய விடிய வந்திறங்குகிறார்கள். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கும் ஓஎம்ஆர் நிறுவனங்களுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நேரங்கெட்ட நேரத்தில் வீடு திரும்புகிறார்கள். அப்போது தெருமுனையில் ஒரு கடை திறந்திருந்தால் அதுவே பாதுகாப்பு. தெருவின் அமைதியைக் காப்பதில் போலீஸைவிடக் கடைக்காரர்களின், வழிப்போக்கர்களின் கண்களுக்கே பெரும்பங்கு என்று நகர ஆய்வாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து எழுதினார். தமிழக அரசும் 2019இல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் இயங்கலாம் என்று ஆணையிட்டு, 2022இல் நீட்டித்தது. ஆனால் டீக்கடையில் பத்துப் பேர் ஏது? இரவில் நமக்குத் துணையாக நிற்கும் சிறு கடைகளுக்கு அந்தச் சலுகை எட்டவில்லை.

தொல்லை பிறக்கும் இடம் வேறு. மதுக்கடை இரவு பத்து மணிக்கு மூடிவிடும். கடைசி நேரத்தில் பாட்டிலை வாங்கியவர் அதைக் காலி மனையிலோ ஏரிக்கரையிலோ பூட்டிய கடையின் படியிலோ உட்கார்ந்து முடிக்கிறார். விடிந்தால் அங்கே பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், சைடிஷ் கவர், உடைந்த கண்ணாடி. பிள்ளைகள் விளையாடப் போவதும் பெரியவர்கள் நடக்கப் போவதும் அதே இடத்துக்குத்தான். விதிகளோ வீட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை. 2003ஆம் ஆண்டின் சில்லறை மது விற்பனை விதிகள் வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் மட்டுமே இடைவெளி வகுக்கின்றன. மாநகராட்சி, நகராட்சிகளில் அது 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் முதலிய பேரூராட்சிகள் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தபோது, அந்த ஊர்களின் பள்ளிக்கும் கோயிலுக்கும் இருந்த பாதுகாப்பு பாதியாகச் சுருங்கியது.

கடையை இங்கிருந்து தூக்கினால் பக்கத்துத் தெருவுக்குத்தானே போகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றில் பலவற்றை ஊருக்குள் திறக்க முயன்றபோது மாநிலமெங்கும் பெண்கள் மறியலில் இறங்கினார்கள். புது இடத்தில் வாழ்கிறவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்காததுதான் அன்றைய தவறு. அப்படியானால் முழு மதுவிலக்கே தீர்வு என்பார்கள் வேறு சிலர். அந்த வேதனையை மதிக்கிறேன், ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை. மரக்காணத்திலும் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 2023 மே மாதம் இருபதுக்கும் மேற்பட்டோரையும், கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் பலிகொண்டது மெத்தனால் கலந்த சாராயம். அரசு மதுக்கடை இருக்கும்போதே இந்த நிலை என்றால், அது இல்லாத நாளில் அந்தச் சாராய வியாபாரம் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும்.

தெருவில் குடிக்கும் தொல்லைக்கு வெளியூர்த் தொழிலாளர்கள்தான் காரணம் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. அது அநியாயம். சட்டம் தடுக்க வேண்டியது செயலை. பொது இடத்தில் போதையில் திரிவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படியே குற்றம். உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதம் அதில் இல்லை. 2022 தொடக்கத்தில் தாம்பரத்துக்கென்று தனி போலீஸ் கமிஷனரகமும் வந்துவிட்டது. அதன் ரோந்து வண்டி பத்து மணிக்கு மேல் நிற்க வேண்டிய இடம் ஏரிக்கரையும் காலி மனையும்தான். பணமில்லை என்றும் சொல்ல முடியாது. 2023-24இல் மட்டும் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் சுமார் 45,855 கோடி ரூபாய். அதில் ஒரு சிறு பங்கு, கடை இருக்கும் வார்டின் தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் திரும்பி வருவதே முறை.

குடியிருக்கிறவர்களைக் கேட்டு முடிவெடுக்க மேடையும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில், தாம்பரம் மாநகராட்சியின் பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே மக்களோடு உட்கார்ந்து குறை கேட்டார். 70 வார்டுகளிலும் அந்தச் சபை தவறாமல் கூடட்டும். மதுக்கடை எங்கே இருக்கலாம், எங்கே கூடாது என்ற தீர்மானத்தை அது நிறைவேற்றினால், மாவட்ட நிர்வாகம் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று அரசு விதியில் எழுதட்டும். வீடுகளுக்கும் இடைவெளி வகுக்கட்டும். டீக்கடைக்கு இரவு அனுமதி தரட்டும். குடியிருக்கிறவர்களுக்குத் தங்கள் தெருவைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை கிடைத்தால், இரவைக் கண்டு அஞ்ச வேண்டிய தேவை பெருமளவு குறையும்.