எம்சிபி விழுந்தால் பெரிதாக மாற்றலாமா?

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகை அறை கேட்டு வருபவர்கள் எப்போதும் உண்டு. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய பழைய வீடுகள் பல அறை அறையாகப் பிரிந்து, ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு என்று நிரம்பிவிட்டன. சுவருக்குள் இருப்பதோ ஃபேனுக்கும் டியூப்லைட்டுக்கும் போட்ட ஒயர். ஓட்டம் மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி விழாமல் என்ன செய்யும்? வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனிடம், “பதினாறு பத்தலப்பா, முப்பத்திரண்டு போட்டுடு” என்கிறார். அடிக்கடி விழுந்தால் எம்சிபி சின்னது என்பதுதான் ஊர் நம்பிக்கை.

எம்சிபி ஏசியைக் காப்பதற்காக இல்லை, ஒயரைக் காப்பதற்காக. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதே வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் அவ்வளவே. ஒன்றரை டன் ஏசிக்கு 8 என்று வைத்தால் மொத்தம் 25. சுவர்க் குழாயில் ஓடும் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் தாங்குவது சுமார் 15 ஆம்பியர். சித்திரை வெயிலில் சுவரே கொதிக்கும்போது அதுவும் குறையும். சூடு மின்னோட்டத்தின் இருமடியாக ஏறுவதால், ஒயரில் ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பம். சாதாரண பிவிசி உறைக்கு 70 டிகிரிதான் எல்லை.

16 ஆம்பியர் எம்சிபி அதன் அளவைப் போல 1.45 மடங்கு ஓட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குள் விழவேண்டும் என்பது தர விதி. 25 ஆம்பியர் அதையும் தாண்டியது. ஆகவே விழுகிறது, சரியாகவே விழுகிறது. அங்கே 32 போட்டால் எம்சிபி வாய் திறக்காது. உறை சுவருக்குள் காய்ந்து, வெடித்து, ஒருநாள் பற்றிக்கொள்ளும்.

“அந்தக் காலத்துப் பியூஸ் கட்டையே மேல்” என்பார்கள் சிலர். சரியான பியூஸ் கம்பி போட்டால் அதுவும் காக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் பியூஸ் போன ராத்திரியில் கைக்குக் கிடைத்த ஒயரின் இழைகளை முறுக்கிச் சொருகாதவர் யார்? செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். உறை அதுவரை பொறுத்திருக்காது.

மூன்றாவது நம்பிக்கைதான் உயிருக்கு உலை வைப்பது: எம்சிபி இருந்தால் ஷாக் அடிக்காதாம். ஈர உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஓடுவது 0.23 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்சிபிக்குக்கூட அது ஒரு பொருட்டில்லை. ஆளைக் கொல்ல அதுவே அதிகம். ஷாக்கிலிருந்து காக்க வேண்டியது, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. அதுவோ ஓவர்லோடுக்கு விழாது. இரண்டும் வேண்டும், ஒழுங்கான எர்த்தும் வேண்டும்.

ஏசிக்கும் கீசருக்கும் டிபி பாக்ஸிலிருந்து தனித்தனி ஒயர் இழுத்து, ஒயரின் கனத்துக்கு ஏற்ற எம்சிபி போடுவதே வேலை. அடுப்பு செருகும் பிளக் பாயிண்டுக்கும் அப்படியே. சுவரைக் கொத்தவேண்டும், செலவு ஆகும். அதைத் தவிர்க்கத்தான் 32 விற்கிறது.