ஒரு சாளரம் போதும்

ஓலை ஒன்று, எழுத்தாணி ஒன்று. நம் முன்னோர் எழுதுவதற்கு வேண்டியிருந்தவை இவ்விரண்டே. இன்று நாம் கணிப்பொறியின் முன் அமர்ந்து நான்கு வரி எழுத முனைந்தால், எழுத்துருவைத் தேர்ந்தெடு என்கிறது ஒரு பட்டை. முன்பு திறந்த கோப்புகள் வரிசையாக நின்று கண்ணைப் பறிக்கின்றன. நான் எழுதித் தரட்டுமா என்று செயற்கை நுண்ணறிவு குறுக்கே கேட்கிறது. எழுத வந்த கருத்து எங்கே போயிற்று? கருவி பெருத்தால் கருத்து சிறுத்துவிடும் என்பதே என் எண்ணம்.

லினக்ஸ் கணிப்பொறியில், ஒரு கோப்புக்கு ஒரு சாளரம் மட்டும் திறக்கும் எளிய உரைதிருத்தி ஒன்றை நம் மாணவர் ஒவ்வொருவரும் தேடிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தவே இக்கட்டுரையை எழுதுகிறேன். டெக்ஸ்ட் எடிட்டர் என்று வழங்கும் உரைதிருத்தி, எழுத்தை மட்டுமே சேமிக்கும். தடித்த எழுத்து, வண்ணம், படம் எதையும் அது அறியாது. அந்த அறியாமையே அதன் பெருமை!

லினக்ஸ் நமக்கு அயலானதன்று. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே அது மாணவர் கைகளுக்கும் வந்து சேர்ந்தது. அண்ணனோ அக்காளோ பெற்ற அந்தப் பழைய மடிக்கணினிகள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்க இயலாத அந்த எந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போடுவதா? இலேசான லினக்ஸும் சிறியதோர் உரைதிருத்தியும் இருந்தால் அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்குமே!

எழுத்து மட்டும் போதுமா என்று கேட்பவர்கள் பிள்ளைப்பாக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏரியால் பெயர் பெற்றிருந்த அவ்வூரில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா நிற்கிறது. திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான தொழில் வட்டாரத்தில் உலோகத்தைக் கடையும் சி.என்.சி. எந்திரங்களுக்கு இடப்படும் கட்டளை வெறும் எழுத்தே. ‘ஜி01’ என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு செல் என்று பொருள். அதையே அலங்காரச் செயலியில் எழுதினால், அது கழித்தல் குறியை நீண்ட கோடாகவும் மேற்கோள் குறியை வளைந்ததாகவும் தானே மாற்றிவிடக் கூடும். மனிதக் கண்ணுக்கு அது அழகு. எந்திரத்துக்கோ அது புரியாத மொழி. நாளை அந்த ஆலைகளுக்கு வேலை தேடிச் செல்லப்போகும் நமக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டாமா?

தமிழுக்கும் இதில் நன்மை உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லை யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டுகளே ஆகும். அதே சொல்லை அலங்காரச் செயலியில் சேமித்தால் பல ஆயிரம் பைட்டுகள் ஆகும். யூனிகோடில் எழுதிய வெறும் உரையை எந்த நிறுவனத்தின் தயவும் இன்றி எந்தக் கணிப்பொறியிலும் திறக்கலாம். 1976-இல் பில் ஜாய் உருவாக்கிய ‘விஐ’ போன்ற முனையத் திருத்திகள் ஆற்றல் மிக்கவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒவ்வோர் எழுத்தையும் சம அளவுக் கட்டத்தில் அடைக்கும் முனையத்தில் நம் கொம்பும் காலும் இடம் மாறித் தவிக்கின்றன. ஆகவே தமிழ் எழுதச் சாளரம் உள்ள திருத்தியே ஏற்றது.

அப்படியானால் எதைத் தேர்வது? ஒரு கோப்புக்கு ஒரு சாளரம் என்பதில் உறுதியாக நின்றது லீஃப்பேட். அதன் வளர்ச்சி நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அதன் வழியில் பிறந்து எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்துடன் வரும் மவுஸ்பேடும், எல்எக்ஸ்க்யூடி மேசைத்தளத்துக்கு ஏற்ற ஃபெதர்பேடும் இன்று எளிதில் கிடைக்கின்றன. இவ்விரண்டிலும் தாவல்கள் உண்டு. எனினும் கோப்புகளைத் தனித்தனிச் சாளரத்தில் திறக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். விரைவில் திறத்தல், யூ.டி.எஃப்-8-இல் சேமித்தல், தேடி மாற்றுதல், செய்ததை மீட்டல் ஆகிய நான்கும் இருந்தால் மாணவனுக்கு வேறென்ன வேண்டும்?

பத்துக் கோப்புகளை ஒருங்கே கையாளும் நிரலாளருக்குத் தாவல்கள் தேவைதான். உழவனுக்குக் கலப்பையும் தையற்காரருக்கு ஊசியும் போல அவரவர் தொழிலுக்கு அவரவர் கருவி. ஆனால் கட்டுரையோ குறிப்போ எழுதும் நமக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலையே உள்ளது. விண்டோஸின் நோட்பேட் கூட 2023-இல் தாவல்களைப் பெற்றது. பின்னர் செயற்கை நுண்ணறிவும் அதில் புகுந்தது. எளிமை தானாக நம்மைத் தேடி வராது. நாம்தான் அதைத் தேடிப் பிடித்துக் காத்துக்கொள்ள வேண்டும்.

தோழர்களே! அடுத்த பருவக் கட்டுரையையேனும் ஒற்றைச் சாளரத்தில் எழுதிப் பாருங்கள். அலங்காரத்தைக் கடைசியில் செய்துகொள்ளலாம். முதலில் சிந்தனை வளரட்டும்!