யாருடைய பதின்பருவம்?

2001 முதல் 2011 வரை பத்துப் பருவங்களாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஸ்மால்வில்’ தொடரைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக ஒரே சூத்திரத்தில் நின்றுவிடுகின்றனர்: சூப்பர்மேனாகவிருக்கும் கிளார்க் கென்ட்டின் ஆற்றல்கள் பதின்பருவ உடல்மாற்றங்களின் உருவகம். வசதியான வாசிப்பு, ஆனால் பாதிக் கதையை அது மறைத்துவிடுகிறது.

அதே ஊரில் வேறு உடல்களும் மாறுகின்றன. 1989இல் கிளார்க்கின் விண்கலத்தோடு பொழிந்த விண்கற்கள் கான்சஸின் அச்சிற்றூரைச் சிதைத்தன. லானாவின் பெற்றோரைக் கொன்றன. பலருக்கு விபரீத ஆற்றல்களைத் தந்தன. முதல் அத்தியாயத்தின் ஜெரமி க்ரீக், சக மாணவர்களால் வயலில் சோளக்கொல்லைப் பொம்மையாகக் கட்டித் தொங்கவிடப்பட்டவன். அன்றுதான் கற்கள் விழுந்தன. 12 ஆண்டுகள் நினைவிழந்து கிடந்தவன் எழுந்து பழிதீர்க்க வருகிறான். கிளார்க் தடுக்கிறான். பள்ளியின் நடனவிழா காப்பாற்றப்படுகிறது. இழந்த 12 ஆண்டுகளுக்கு எவரும் பதில் சொல்வதில்லை.

தொடக்கப் பருவங்களில் இச்சட்டகமே மீண்டும் மீண்டும் வருகிறது. பாதிக்கப்பட்டவர் குற்றவாளியாகிறார், மடிகிறார், அல்லது ‘பெல் ரீவ்’ மனநலக் காப்பகத்தில் அடைக்கப்படுகிறார். ஒரே நாளில் வானிலிருந்து வந்த இரண்டு பிறழ்வுகளுள் ஒன்று விதி, மற்றது வியாதி. வேறுபாடு குணத்தில் இருப்பதாகத் தொடர் சொல்கிறது. உண்மையில் அது வாய்ப்பில் இருக்கிறது: கிளார்க்குக்கு ஒரு பண்ணைவீடும் ரகசியம் காக்கும் பெற்றோரும் வாய்த்தனர்.

தொடர் இதை அறிந்தே இருக்கிறது என்று அதன் ஆதரவாளர்கள் வாதிடக்கூடும். குளோயி ஒட்டிவைத்த விசித்திரச் செய்திகளின் சுவரைக் கண்டு கிளார்க் குற்றவுணர்வில் உடைகிறான். பின்னாளில் குளோயியே விண்கல்லால் பாதிக்கப்பட்டவள் எனத் தெரியவருகிறது. லெக்ஸ் லூதர் இவர்களை ‘33.1’ ஆய்வகத்தில் அடைத்துச் சோதிப்பது கொடுமையாகவே காட்டப்படுகிறது. சரி. லெக்ஸின் கூண்டு குற்றமெனில், பெல் ரீவின் பூட்டு எவ்வாறு நீதியாகும்? குற்றவுணர்வு வேறு, பொறுப்பு வேறு. முன்னது நாயகனின் முகத்துக்கு அழகு சேர்க்கும். பின்னது அவனிடம் ஈடு கேட்கும். தொடர் முன்னதோடு நின்றுகொள்கிறது.

யூதக் குடியேறிகளின் பிள்ளைகளான ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் படைத்த சூப்பர்மேன், 1938இன் முதல் கதையிலேயே, செய்யாத கொலைக்காக மரணதண்டனை பெற்ற பெண்ணை மீட்க ஆளுநரின் இரும்புக் கதவைப் பெயர்த்தவன். அவனுடைய இளமையைச் சொல்லவந்த தொடரோ கதவைப் பூட்டும் பணியை அவனுக்கு அளித்தது. உருவகத்தை மட்டும் வியக்கும் ஆய்வு, அப்பூட்டைக் காணாமலே கடந்து செல்கிறது.