பியாங்யாங்குக்கு முன்பே கிறிஸ்டியான்பேட்டை

கொரிய எழுப்புதலைப் பற்றித் தமிழில் பேசுவோர் 1907 ஜனவரியில், பியாங்யாங்கில் தொடங்குகிறார்கள். கில் சொன்ஜூ சபை நடுவே எழுந்து பாவ அறிக்கை செய்ததும் கூட்டம் கதறியதும் அவர்களுக்கு மனப்பாடம். அதற்கு 47 ஆண்டுகளுக்கு முன்பே, 1860இல், திருநெல்வேலிச் சீமையில் அதே கண்ணீரும் அறிக்கையும், கூடவே அந்நியபாஷையும் நிகழ்ந்தன என்றால் புருவத்தை உயர்த்துகிறார்கள். தருமபுரியில் கூடி வாசிக்கும் எங்களுக்கு இந்த மறதி பொறுக்கவில்லை.

ரேனியசிடம் பயின்று, பின்னர் குரோவ்சுடன் சேர்ந்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867). 1840இல் வத்திராயிருப்பு அருகே கிறிஸ்டியான்பேட்டையை நிறுவினார். மிஷன் சம்பளம் வேண்டாமென்றார். உள்ளூர்ச் சபை தன் காலில் நிற்கவேண்டும் என்று நீவியஸ் சியோலுக்குப் போய்ப் போதித்தது 1890இல்தான்!

'எல்லாம் அமெரிக்கச் சரக்கு' என்று கைகழுவும் விமர்சகர்கள் கவனிக்க: அசூசா தெருவின் ஆண்டு 1906. அமெரிக்க, அயர்லாந்து எழுப்புதல்களின் செய்தி அருளப்பனை எட்டியது உண்மையே. பொறி வெளியிலிருந்து வந்ததென்றால் விறகுமா கப்பலில் வந்தது? ஆழ்வார்களின் அழுகையைக் கவிதையென்று கொண்டாடுவோர், கிறிஸ்தவன் அழுதால் மட்டும் முகம் சுளிப்பது என்ன நியாயம்?

அருளப்பனின் நாட்குறிப்புகளை 1939இல் ஆங்கில நூலாக்கியவர் ஜி. எச். லாங். நாட்குறிப்பு என்றால் ஆனந்தரங்கம் பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் நம் பேராசிரியர்கள், அதையும் ஒருமுறை மேசைமேல் எடுத்து வைக்கட்டும்.